மாமனார் இல்லாத வீடு

"சாமி, இன்னைக்கே எனக்குக் காவி குடுத்துருங்க."

சென்னியப்பன் ஒரே ஓட்டமாகப் படி ஏறி வந்திருந்தார். பேச்சுக்கு முன்னால் மூச்சு வந்துகொண்டிருந்தது.

கரட்டம்மா பாறைமேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதானுங்க. பொழுது உளுகறதுக்குள்ள."

"என்னுங்க பெரியவரே, ஆராச்சும் தொரத்தறாங்களா?"

"ஆமாங்க சாமி. ஒரு நட்சத்திரம் தொரத்துது."

கரட்டம்மா ஒரு முற்றிய தண்டை ஒடித்து ஓரமாகப் போட்டார்.

குரு மூத்தவர், சீடர் இளையவர் என்பதுதான் ஊர் உலகத்து வழக்கம். வெள்ளைக்கரடு என்கிற அந்தப் பாறைக் குன்றில் அது தலைகீழ். குரு கரட்டம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். சீடருக்கு வாயில் பாதிப் பல் இல்லை. அதனால் குரு சீடரைப் 'பெரியவரே' என்பார். சீடர் குருவைச் 'சாமி' என்பார். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை.

சென்னியப்பன் கீழே ஊரில் அரிசி மில் நடத்தியவர். மனைவி பழனாத்தாள் போன பிறகு மில்லை மகனிடம் விட்டுவிட்டுக் கரடு ஏறிவிட்டார். காப்பியை விட்டார். புகையிலையை விட்டார். மெத்தையை விட்டார். விட்டதையெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொள்வதை மட்டும் விடவில்லை.

"உடம்புங்கறது வாடகை ஊடு. காலி பண்ணச் சொன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டே இருக்கோணும்." கரட்டுக்கு வரும் யாரும் இதைக் கேட்காமல் திரும்பிப் போக முடியாது.

காலி பண்ணச் சொல்லி இப்போது ஆள் வந்துவிட்டது போலிருக்கிறது. வாடகைக்காரர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"வெவரமாச் சொல்லுங்க" என்றார் கரட்டம்மா.

"பையனுக்கு ஒரு புள்ளையப் புடிச்சுப் போச்சுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் பாக்குற புள்ளை."

"நல்ல சேதிதானுங்களே."

"புள்ளையும் நல்ல புள்ளைதானுங்க. ஆனா மூல நட்சத்திரம்."

"பேரு?"

"ரோகிணிங்க."

"ரோகிணியா, மூலமா?"

"பேரு ரோகிணி, பொறந்தது மூலமுங்க. பேரையாவது நல்ல நட்சத்திரமா வெப்போம்னு அவங்கப்பன் வெச்சுட்டாராட்ட இருக்குது."

மூலத்தில் பிறந்த பெண் வீட்டுக்கு வந்தால் மாமனாருக்கு ஆகாது என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. ஆகையால் மூல நட்சத்திரப் பெண்ணைப் பெற்றவர்கள் தரகரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவார்கள்: 'மாமனார் இல்லாத ஊடாப் பாருங்க.' நிலம் இருக்கிறதா, நீச்சு இருக்கிறதா என்று விசாரிப்பதற்கு முன்னால், ஆள் செத்திருக்கிறாரா என்று விசாரிப்பார்கள். ஒருவர் செத்துப்போயிருப்பதே அந்த வீட்டுக்கு ஒரு யோக்கியதை ஆகிவிடும். இதையெல்லாம் யாரும் சிரிக்காமல்தான் செய்கிறார்கள்.

"சரி. காவி எதுக்குங்க?"

"ஜோசியர் ஒரு வழி சொன்னாருங்க சாமி." சென்னியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மேலே வானத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "காவி கட்டிட்டா ஒறவு அத்துப் போச்சு. ஒறவு அத்துப் போச்சுன்னா எம்பையனுக்கு அப்பன் இல்லை. அப்பன் இல்லாட்டி அந்த ஊட்டுல மாமனார் ஏது?"

"மாமனார் இல்லாத ஊடு ஆயிருது."

"அதேதானுங்க!"

"அப்ப நட்சத்திரம் ஏமாந்து போயிருமுங்களா?"

"போயிருமாமுங்க."

"உங்க மூஞ்சியை அடையாளம் தெரியாதாமா? வேட்டி நெறத்தை மட்டும்தான் பாக்குமாமா?"

"கேலி பண்ணாதீங்க சாமி. எத்தனை நாளாக் காவி கேட்டுட்டு இருக்கறேன். ஆகட்டும் பாக்கலாம்னே சொல்லிட்டு இருக்கறீங்க. இப்பக் குடுத்தா எல்லாருக்கும் நல்லது. பையனுக்குப் பொண்ணு கெடைக்கும். எனக்குக் காவி கெடைக்கும்."

"உசுரும் கெடைக்கும்."

சென்னியப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

"பையன் என்ன சொல்றான்?"

"நட்சத்திரமாவது ஒண்ணாவதுங்கறான். அந்தப் புள்ளைதான் ஒத்துக்க மாட்டேங்குது."

"புள்ளையா?"

"ஆமாங்க. 'அவரு நல்லாருக்கோணும். எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்'னு அழுகுது. இப்பக்கூடக் கீழ, படிக்கட்டு மொதல்லதான் உக்காந்திருக்குது. மேல வர மாட்டேங்குது. நான் போனேன். மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அது பார்வை எம்மேல பட்டுரக் கூடாதாமா."

கரட்டம்மாவின் கை கீரையில் நின்றது.

"உங்களை என்னன்னு கூப்படறா?"

"ஐயாங்குது. மாமான்னு முறை சொல்லிக் கூப்படச் சொல்லிப் பையன் சொல்றான். அது வாயைத் தொறக்க மாட்டேங்குது. முறை சொன்னா முறை ஆயிரும்னு பயம்."

"உங்களுக்கு?"

"எனக்கும் அதே பயம்தானுங்க" என்றார் சென்னியப்பன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அது நிஜம்.

கரட்டம்மா எழுந்தார். குடிசைக்குள் போய் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து வந்தார். காவிக்கல்லை உரசி ஒரு குடத்துத் தண்ணீரில் கரைத்தார். வேட்டியை முக்கிப் பிழிந்து பாறைமேல் விரித்தார். நான்கு மூலைக்கும் கல் வைத்தார்.

சென்னியப்பனுக்கு நம்ப முடியவில்லை. இத்தனை நாள் கெஞ்சியும் நடக்காதது இன்று ஒரு பேச்சில் நடந்துவிட்டது.

"ஈரத்தோடயே கட்டிக்கறனுங்க சாமி."

"சளி புடிச்சுக்கும். அதுக்கும் மூலத்து மேலதான் பழி போடுவீங்க. காயட்டும்."

*

ஆடிக் காற்று வேட்டியை இழுத்துப் பார்த்தது. கற்கள் விடவில்லை.

இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"காவி கட்டினா மகன் கல்யாணத்துல உக்கார முடியாது. தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. எங்கண்ணன் உக்காந்துக்குவாரு."

"தாலி எடுத்துக் குடுக்கறது?"

"அவரேதான்."

இதைச் சொல்லிவிட்டுச் சென்னியப்பன் வேட்டியின் ஒரு மூலைக் கல்லை நகர்த்தி வைத்தார்.

"பழனாத்தா ஆஸ்பத்திரில கெடக்கையில எங்கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாளுங்க சாமி. 'நான் பாக்கக் குடுத்து வெக்கல. நீங்க பக்கத்துல நின்னு நடத்தி வெக்கோணும். நான் பாக்காததையும் சேத்து நீங்க பாத்துருங்க'ன்னா. சரின்னு சொன்னேன். சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் கையை உட்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சொல்லு?" என்றார் கரட்டம்மா.

"என்ன பண்றதுங்க? உசுராச்சே."

"வாடகை ஊடுன்னீங்க."

"வாடகை ஊடுதானுங்க. ஆனா நெம்ப நாளு இருந்து பழகிப் போச்சு."

கரட்டம்மா சிரிக்கவில்லை. அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்போது மகன் பூபதி மேலே வந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. அப்பாவைப் பார்த்தான். பாறைமேல் விரித்திருந்த வேட்டியைப் பார்த்தான். முகம் செத்துப் போயிற்று.

"குடுத்துட்டீங்களா அம்மா?"

"துணி காயல."

"அப்பா, நீங்க படிச்சவரு மாதிரி பேசுங்க. நட்சத்திரம்னா என்ன? சூரியனாட்டமே ஒரு நெருப்பு உருண்டை. அது பாட்டுக்கு எங்கியோ எரிஞ்சுட்டுக் கெடக்குது. அதுக்கு அரிசி மில்லு தெரியுமா, சென்னியப்பன் தெரியுமா?"

"உருண்டைங்கறதை நீ பாத்தியா தம்பி?" என்று கேட்டார் கரட்டம்மா.

பூபதி திகைத்தான். "படிச்சேனுங்க."

"உங்கப்பாவும் படிச்சதுதான். நீ புஸ்தகத்துல. அவரு ஜாதகத்துல."

கரட்டம்மா நம் பக்கமா, அப்பா பக்கமா என்று பூபதி யோசித்துப் பார்த்துவிட்டு, இரண்டும் இல்லை என்று கண்டு கீழே இறங்கிப் போனான்.

"நீங்க பாத்திருக்கறீங்களா பெரியவரே?"

"எதைங்க?"

"தொரத்துற ஆளை. மூலத்தை."

"ஜாதகக் கட்டத்துல இருக்குதுங்களே."

"கட்டத்துல இல்லை. மேல."

சென்னியப்பன் மேலே பார்த்தார். மேலே வெயில்தான் இருந்தது. வெயில் காலமெல்லாம் மில் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு மல்லாந்து படுத்தவர் அவர். நிலா தெரியும். விடிவெள்ளி தெரியும். மூலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஜோசியரும் மேலே கைகாட்டிச் சொன்னதில்லை.

"இல்லைங்க சாமி."

"ஆளே தெரியாம இந்த ஓட்டம் ஓடறீங்களா?"

கரட்டம்மா எழுந்து போய் அடுப்பு மூட்டினார். கீரை வேகிற வாசம் வந்தது. சென்னியப்பன் நடுநடுவே எழுந்து வேட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். காவி விரலில் ஒட்டியது.

*

பொழுது சாய்ந்தது. மேகம் கலைந்து தெற்கே வானம் சுத்தமாக இருந்தது. ஒவ்வொன்றாக வெள்ளி முளைத்தது.

"வாங்க" என்றார் கரட்டம்மா.

பாறையின் தெற்கு ஓரத்தில் உட்கார வைத்தார். தானும் இடது பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதோ செவசெவன்னு ஒண்ணு தெரியுதா? அது கேட்டை."

"தெரியுதுங்க."

"அங்கிருந்து கீழ ஒரு கொக்கியாட்டம் வளைஞ்சு வருது பாருங்க. வளைஞ்சு, வளைஞ்சு, நுனியில ரெண்டு மீனு ஒட்டிக்கிட்டு இருக்குது. அதுல பெருசு இருக்குதில்லைங்க?"

"இருக்குதுங்க."

"அது மூலத்து மீனு."

சென்னியப்பன் சட்டென்று கைகூப்பினார். பக்தியால் கூப்பினாரா, பயத்தால் கூப்பினாரா என்று அவரையே கேட்டாலும் சொல்லத் தெரியாது.

இதுதானா? மூலத்துப் பெண்களுக்கு வந்த இத்தனை வரன்களைத் திருப்பி அனுப்பியது இதுதானா? அந்தப் பிள்ளையைப் படிக்கட்டில் முகம் திருப்பி உட்கார வைத்தது இதுதானா? பார்த்தால் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. கூர்ந்து பார்த்தார்.

"எப்படி இருக்குதுங்க?"

"முள்ளு முள்ளா இருக்குதுங்க சாமி."

"மீனுன்னா முள்ளு இருக்குந்தானுங்க?"

"சுத்தியும் சின்னச் சின்ன முள்ளு. அதுல ஒண்ணு மட்டும்..."

"ஒண்ணு மட்டும்?"

"நெம்ப நீட்டமா இருக்குதுங்க."

"எந்தப் பக்கம் நீட்டம்?"

"கீழாண்டங்க. நேரா என்னையப் பாத்து."

"தலையைச் சாய்ங்க."

"எப்படிங்க?"

"சோத்தாங்கைப் பக்கம். காதைத் தோளுல வெக்கற மாதிரி."

சென்னியப்பன் தலையைச் சாய்த்தார். அடுத்த கணம் பதறினார்.

"சாமி! முள்ளு உங்க பக்கம் திரும்பிருச்சுங்க!"

"அப்படீங்களா?"

"எந்திரிச்சு இக்கட்ட வாங்க சாமி!"

கரட்டம்மா அசையவில்லை. "இப்பப் பீச்சாங்கைப் பக்கம் சாய்ங்க."

சாய்த்தார்.

"இப்ப எங்கீங்க?"

"அக்கட்ட போயிருச்சுங்க. தாராபுரத்துப் பக்கம்."

"பாவம். தாராபுரத்துல எத்தனை மாமனாருங்க இருக்கறாங்களோ."

சென்னியப்பன் தலையை நிமிர்த்தினார். முள் திரும்ப அவரிடமே வந்தது. மறுபடி சாய்த்தார். போயிற்று. நிமிர்த்தினார். வந்தது.

"காத்துக்கு ஆடுதுங்களா சாமி?"

"காத்து உங்க தலைக்கு ஏத்த மாதிரியா அடிக்குது?"

சென்னியப்பன் யோசித்தார். யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை.

"கேட்டையைப் பாருங்க" என்றார் கரட்டம்மா.

பார்த்தார். "அதுக்கும் முள்ளு இருக்குதுங்க."

"நீட்ட முள்ளு?"

"இருக்குதுங்க. கீழாண்ட."

"வேற ஏதாச்சும் ஒண்ணு. உங்களுக்குப் புடிச்சதாப் பாருங்க."

சென்னியப்பன் உச்சிக்குப் பக்கத்தில் ஒன்றைப் பார்த்தார். பிறகு கிழக்கே ஒன்றை. உட்கார்ந்தபடியே திரும்பி வடக்கே ஒன்றை. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவர் ஒடுங்கிக்கொண்டே போனார். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி முள். ஒரே நீட்டம். எல்லாம் அவரை நோக்கி.

"சாமி, ஒரு மூலத்துக்குப் பயந்துக்கிட்டு ஓடியாந்தேன். இங்க பாத்தா வானம் பூராவும் என்னையத்தானுங்க குத்த வருது!"

"அத்தனைக்கும் உங்ககிட்ட என்னங்க வேலை?"

சென்னியப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

என்ன வேலை இருக்க முடியும்? அரிசி மில் நடத்தினார். தவிட்டைத் தனியாக விற்றார். பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டார். கரடு ஏறினார். இதற்காக வானத்தில் இருப்பதெல்லாம் ஒன்றுகூடி வேலை மெனக்கெட்டு அவரைக் குறிவைக்குமா? அவருக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

"ஒரு கண்ணை மூடுங்க."

வலக்கண்ணை மூடினார். முள் குட்டையாகி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணை மாற்றி மூடினார். நீண்டது. திரும்ப மாற்றினார். குட்டை. மறுபடியும். நீட்டம்.

அவர் கை மட்டும் கண்ணுக்குக் கண் மாறிக்கொண்டிருந்தது.

கரட்டம்மா எழுந்து போய் ஒரு பூவரச இலையைப் பறித்து வந்தார். வேலமரத்து முள் ஒன்றை ஒடித்து, இலையின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை போட்டார். இலையைச் சென்னியப்பன் கையில் கொடுத்தார்.

"எதைப் பாக்கோணுங்க?"

"கேட்டையை. அதுதான் பளிச்சுன்னு இருக்குது."

சென்னியப்பன் இலையைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு தேடினார். வெகுநேரம் இருட்டுதான் தெரிந்தது. பிறகு ஓட்டைக்குள் அது வந்து நின்றது.

கடுகை விடச் சின்னது. சுத்தமான உருண்டை. எந்தப் பக்கமும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"முள்ளு?" என்றார் கரட்டம்மா.

"காணமுங்க."

இலையை இறக்கினார். முள் இருந்தது. இலையை ஏற்றினார். இல்லை.

"சாமி..."

"என்னுங்க?"

"அந்த முள்ளு அங்க இல்லைங்களா?"

கரட்டம்மா பாறைப் பக்கம் நடந்து போய் வேட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சிருச்சுங்க பெரியவரே."

சென்னியப்பன் எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார்.

கீழே, படிக்கட்டின் முதல் படியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. இருட்டிவிட்டதால் அந்தப் பிள்ளை செல்போன் விளக்கைப் போட்டிருந்தாள். கரட்டின் உச்சியிலிருந்து பார்க்க அதுவும் ஒரு மீனாகத்தான் இருந்தது. சுற்றிலும் சின்னச் சின்ன முள். அதில் ஒன்று நீட்டம். படிப்படியாக மேலே ஏறி அவர் காலடியைத் தொட வருகிறாற்போல் அவர் பக்கமே நீண்டிருந்தது.

சென்னியப்பன் மெல்லத் தலையைச் சாய்த்தார்.

முள் படிக்கட்டை விட்டு விலகிப் பக்கத்துப் பாறைமேல் போய் விழுந்தது.

இலையை எடுத்துக் கண்ணில் வைத்தார். ஓட்டைக்குள் ஒரு சின்ன வெளிச்சம். யாரோ பெற்ற பிள்ளை ஒருத்தி, இருட்டுக்குப் பயந்து ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வெளிச்சம்.

"பெரியவரே, காவி?"

"கெடக்கட்டுமுங்க சாமி" என்றார் சென்னியப்பன். திரும்பிப் பார்க்காமல் படியில் கால் வைத்தார்.

*

ஏறும்போது இல்லாத முழங்கால் வலி இறங்கும்போது இருந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினார்.

காலடிச் சத்தம் கேட்டு ரோகிணி திரும்பினாள். யாரென்று தெரிந்ததும் துள்ளி எழுந்து, விளக்கை அணைத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயா, வராதீங்க. அங்கியே நில்லுங்க."

"லைட்டைப் போடு அம்மிணி. படி தெரியல. உளுந்து செத்தனா அதுக்கும் உன்னையத்தான் சொல்லுவாங்க."

விளக்கு சட்டென்று எரிந்தது.

சென்னியப்பன் மிச்சப் படிகளை இறங்கி வந்து, அவளுக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தார். படிக்கல்லில் பகல் வெயிலின் சூடு இன்னும் இருந்தது. பூபதி கொஞ்சம் தள்ளி வண்டியில் சாய்ந்தபடி நின்றிருந்தான். அப்பா வெள்ளை வேட்டியில்தான் வந்திருக்கிறார் என்பதை அவன் பார்த்தான். கேட்க வாயெடுத்தான். சென்னியப்பன் கையைக் காட்டி அவனைச் சும்மா இருக்கச் சொன்னார்.

"அம்மிணி."

"சொல்லுங்கய்யா." முகம் இன்னும் அந்தப் பக்கமே இருந்தது.

"எனக்காக அழுதயாமா?"

அவள் செல்போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய நீ பாத்தது ரெண்டொருக்கா இருக்கும். எதுக்கு அழுதே?"

"நீங்க நல்லாருக்கோணுமுங்க. என்னால ஒரு ஊட்டுல ஒருத்தருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்புறம் நான் எப்படிங்கய்யா சோறு திங்கறது?"

இவள் சென்னியப்பனின் உயிருக்காக அழுதுகொண்டிருந்த நேரத்தில் அவரும் அதற்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தார். அவர் உயிருக்காக அழ, பழனாத்தாளுக்குப் பிறகு ஒரு ஆள் இருக்கிறது என்பது அவருக்கு இன்று மதியம் வரை தெரியாது. மதியம் தெரிந்தபோதுகூட அது அவருக்கு உறைக்கவில்லை.

"ஒரு உதவி பண்ணு அம்மிணி."

"என்னுங்கய்யா?"

"அந்த ஐயாவை உட்டுரு. முறை சொல்லிக் கூப்புடு."

அவள் பதறித் திரும்பினாள். திரும்பியதில் அவர் முகத்தை நேராகப் பார்த்துவிட்டாள். பார்த்தது தெரிந்ததும் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாமுங்கய்யா. அது மட்டும் வேண்டாமுங்க."

"ஒருக்காச் சொல்லு."

"ஏதாச்சும் ஆயிருமுங்க."

"ஆவட்டும்."

சொல்லிவிட்டார். மேலே இலைக்குள் பார்த்ததெல்லாம் மேலேயே நின்றுவிட்டது போலிருந்தது. கை தானாகப் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

ரோகிணி பூபதியைப் பார்த்தாள். பூபதி அப்பாவைப் பார்த்தான். காற்று அடித்தது. கரட்டுக்குப் பின்னால் ஒரு மயில் அகவி ஓய்ந்தது.

அவள் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு, காதில் விழுந்தும் விழாமலும் சொன்னாள்.

"மாமா."

சென்னியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் விழவில்லை. ஒன்றும் குத்தவில்லை. கல் சூடாகவே இருந்தது. காற்று அதன் பாட்டுக்கு அடித்தது. நெஞ்சு மட்டும் டமடமவென்று, அரிசி மில் எஞ்சின் மாதிரி, நின்றுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தார். அவள் மறுபடி கண்ணைப் பொத்தியிருந்த விரல்களின் இடுக்கு வழியாக அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்காக் கூப்புடு, அம்மிணி."